அடுத்த வரிசையில் யாருமில்லை

பக்கத்துத் தோட்டத்தில் இன்று காலையில் கொடிக்கு அடிக்கும் மருந்துக்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கினார்கள். அந்தக் காரமான வாசம் வேலி தாண்டி நம் திராட்சைப் பந்தலுக்குள் வந்ததும், நீங்கள்தான் வாளியோடு நிற்கிறீர்கள் என்று திரும்பிவிட்டேன். போய்ச் சேர்ந்த பிறகும் என்னை ஏமாற்றுகிறீர்கள்.

பனவடலிசத்திரத்தில் திராட்சை போட்டவர்களே குறைவு. அதிலும் புருஷனும் பொண்டாட்டியுமாகக் கத்திக்கொண்டே நோய் தேடியது நாம் மட்டும்தான். பனி விழும் காலத்தில் விடிந்ததும் நீங்கள் ஒரு வரிசை, நான் அடுத்த வரிசை. இலையைத் திருப்பி, அடியில் வெள்ளை பூத்திருக்கிறதா என்று பார்ப்போம். தொங்கும் கொடி முகத்தை மறைக்கும். "இங்கன ஒண்ணுமில்ல" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே நடப்போம். அடிச்சாம்பல் நோய் ஓர் இலையில் வந்தால் போதும், ஈரம் இருந்தால் குலை வரைக்கும் போய்விடும்.

புள்ளி கிடைத்த அன்று சண்டை நிச்சயம். "ஏட்டி, இன்னைக்கே மருந்து அடிக்கணும்" என்பீர்கள். வெயில் வந்து ஈரம் காய்ந்தால் நோய் தானே அடங்கிவிடும், நாளைக்குப் பார்ப்போம் என்பேன். நீங்கள் அவசரக் குடுக்கை, நான் ஆற அமர யோசிக்கிறவள். சோறு ஆறும்வரை பேசி, யாராவது ஒருவர் விட்டுக்கொடுப்போம். எப்படியோ தோட்டம் பிழைத்தது.

நீங்கள் இல்லாத முதல் கார்த்திகை இது. கொடியைப் பிடுங்கிவிட்டுத் துபாய்க்கு வந்துவிடு என்று நம் மகன் போனில் தினமும் ஒரே பாட்டுப் பாடுகிறான். இந்தக் குலைகள் தப்பினால் இங்கேயே இருப்பேன், இல்லாவிட்டால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்று தெற்கு மூலையில் ஓர் இலையில் மஞ்சள் புள்ளி. திருப்பினால் அடியில் வெள்ளை. "இங்கன இருக்குங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அடுத்த வரிசையிலிருந்து பதில் வரவில்லை. உங்களைத் தூக்கிக்கொண்டு போன அன்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். இன்றுதான் நான் தனியாகிப் போனேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு வழக்கம்போல, நாளைக்குப் பார்ப்போம் என்று சொல்லிப் பார்த்தேன். மறுத்துப் பேச ஆளில்லாமல் அந்தப் பேச்சில் எனக்கே நம்பிக்கை வரவில்லை. அதனால் உங்கள் பக்கத்தையும் நானே பேசினேன், உங்கள் அவசரத்தோடு, ஏட்டி என்று என்னையே கூப்பிட்டு. கடைசியில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். ஆள் கூப்பிட்டு மருந்து அடித்தாயிற்று.

இப்போது மேகம் விலகி, சுள்ளென்று வெயில் காய்கிறது. "நான் அப்பவே சொன்னேம்லா" என்று யாரிடம் போய்ச் சொல்ல?