பன்னிரண்டு சொடுக்கு

நேற்றுக் காலை மெக்கானிக் ரஹீம் என் கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்தச் சாக்கை வெளியே இழுத்தபோது, ஊடு முழுக்க உங்கள் வாசம் அடித்தது மாப்பிள்ளை. கிரீசும் பழைய ரப்பரும் துருவும் கலந்த வாசம். ஒன்பது வருசமாக அந்தச் சாக்குக்கு மேலேதான் படுத்து எழுந்திருக்கிறேன். உங்கள் சிவப்புக் காரிலிருந்து கழற்றிய கம்பெனி ஸ்பிரிங் நாலும் ஷாக் அப்சார்பர் நாலும் அதற்குள் கிடந்தன. இந்த இரும்பை வைக்க என் கட்டிலுக்கு அடியை விட்டால் வேறு இடம் கிடைக்கவில்லையா என்று நான் முனகினதெல்லாம் உங்கள் காதில் விழுந்துதான் இருக்கும். விழ வேண்டும் என்றுதான் முனகினேன்.

உங்களிடம் நேராகப் பேசுவது இதுதான் முதல் தடவை. பதினெட்டு வருசம் ஒரே ஊட்டில் இருந்தோம். மருமகன் எதிரே மாமியார் வந்து நிற்கக் கூடாது, முகம் பார்த்துப் பேசக் கூடாது என்பது எங்கம்மா எனக்குக் காட்டிவிட்டுப் போன வழக்கம். உங்களையும் அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். காப்பி வேண்டுமென்றால் அடுப்பைப் பார்த்து, "தண்ணி காய்ஞ்சுதான்னு கேளு" என்பீர்கள். நான் சுவரைப் பார்த்து, "காய்ஞ்சா வராதாமா" என்பேன். உங்கள் பொண்டாட்டி, என் மகள் கவிதா, நடுவில் நின்றுகொண்டு, "ரெண்டு பேருக்கும் நான் என்ன போஸ்ட்மேனா" என்பாள்.

அந்தக் காரை நீங்கள் கோயம்புத்தூரிலிருந்து ஓட்டி வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேறொருத்தர் ஓட்டிக் கழித்தது. பின்பக்கத்தை அரிவாளால் வெட்டிவிட்ட மாதிரி குட்டையாக இருந்தது. டீ ஃபாக்டரியில் பகலெல்லாம் ஃபிட்டர் வேலை, ஊட்டுக்கு வந்தால் காருக்கு ஃபிட்டர் வேலை. சைலன்சரை மாற்றினீர்கள். கார் வயிறு சரியில்லாத எருமை மாதிரி உறுமியது. மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கருகக் கூடாதென்று பிரேக் பேடை மாற்றினீர்கள். அப்புறம் ஒரு நாள் நாலு சக்கரத்தையும் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் ஸ்பிரிங் போட்ட புது செட் ஒன்றை மாட்டினீர்கள். பழையது சாக்கில் ஏறி என் கட்டிலுக்கு அடியில் போனது அன்றைக்குத்தான். கார் ரெண்டு விரல்கடை கீழே இறங்கி, கோழி அடைக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

"இனி வளைவுல ரோட்டை ஒட்டிக்கிட்டுப் போகும் பாரு" என்று கவிதாவிடம் சொன்னீர்கள்.

"ஒட்டிக்கிட்டுப் போக இது என்ன பல்லியா" என்று நான் அம்மிக்கல்லிடம் கேட்டேன்.

மழையில் ஓட்டி வந்தால் முதலில் உங்கள் தலையைத் துவட்ட மாட்டீர்கள். சக்கரத்துக்குள் தண்ணீர் பீய்ச்சி, ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் மரையில் சேறு தங்கித் துருப்பிடிக்கும் என்று, பல் தேய்க்கும் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு குந்தியிருப்பீர்கள். காருக்குப் பல் விளக்கிவிடும் மனுசனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. அதையும் சொன்னேன். வெந்நீர் அண்டாவிடம்.

முப்பத்தைந்து வருசம் கீழ் கோத்தகிரிச் சரிவில் கொழுந்து பறித்த முதுகு என்னுடையது. ஒரு மழையில் சறுக்கி விழுந்ததில் எலும்பு விலகி, மாசம் ஒரு தடவை கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குப் போய் மின்சாரம் வைத்துக்கொண்டு வர வேண்டியதாயிற்று. புது ஸ்பிரிங் போட்டதும் முதல் தடவை உங்கள் காரில் போனேனே, ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லையும் என் முதுகெலும்பு எண்ணியது. திரும்பி வந்து படியில் உட்கார்ந்துகொண்டு, "இதுக்கு என்னைச் சாக்குல கட்டி உருட்டி விட்டிருக்கலாம்" என்றேன். அடுத்த ரெண்டு மாசம் பஸ்ஸில்தான் போனேன்.

அந்த ரெண்டு மாசத்துக்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பித்தளைக் குடத்தைக் காணோம். சாயங்காலம் தானாக அடுப்படிக்கு வந்து சேர்ந்தது, வயிற்றில் ஒரு நெளிசலோடு. எங்கம்மா எனக்குக் கொடுத்த குடம். கார் கழுவத்தான் எடுத்துப் போனீர்கள் என்று நினைத்தேன். கேட்டால்தானே. நீங்களும் சொல்லவில்லை. ஒன்பது வருசம் அந்த நெளிசலைத் தண்ணீர் பிடிக்கும்போதெல்லாம் தடவிப் பார்த்து, கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தேன்.

அதற்கு அடுத்த மாசம் கவிதா என்னைக் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி காரில் ஏற்றினாள். நான் பின் சீட்டில் உட்கார்ந்ததும் நீங்கள் இறங்கிப் போய் பானெட்டைத் திறந்தீர்கள். ஏதோ திருகுகிற சத்தம். டிக், டிக், டிக். எண்ணினேன், பன்னிரண்டு. அந்தப் பக்கம் போனீர்கள், அங்கேயும் பன்னிரண்டு. பின்னால் வந்து டிக்கியைத் திறந்து, கார்ப்பெட்டை நீக்கி, ரெண்டு மூலையிலும் பன்னிரண்டு பன்னிரண்டு. திரும்பிப் பார்த்தேன். உங்கள் உதடு முணுமுணுத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஊடு வந்து நான் இறங்கினதும் மறுபடி அதே மாதிரி நாலு மூலைக்கும்.

கவிதா ஊட்டிக்குப் போனால் இதெல்லாம் இல்லை. நான் ஏறினால் மட்டும்தான்.

"உன் ஊட்டுக்காரர் என்னடி பண்றாரு?"

"ஆயில் பாக்கறாரும்மா."

நாலு மூலையிலுமா ஆயில் இருக்கும்? எனக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்துவிட்டதாக நினைத்தேன். தாலி அறுத்தவள் ஏறினால் பயணம் உருப்படாது என்று ஊரே நினைக்கிறது. உங்கள் கல்யாணத்தன்று, பெண்ணைப் பெற்றவள் என்றும் பாராமல், நான் மணவறைப் பக்கம் வந்துவிடக் கூடாதென்று உங்கள் அம்மா என்னைச் சமையல்கட்டுக்கு அனுப்பினாள். மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தாள். கையில் ஒரு தட்டு வெற்றிலையைக் கொடுத்து, "இதைத் துடைச்சு அடுக்குங்க" என்றாள். நான் துடைத்து முடிப்பதற்குள் தாலி ஏறிவிட்டது. அவள் பெற்ற பிள்ளைதானே, நான் ஏறினால் மந்திரம் சொல்கிறார், இறங்கினால் தோஷம் கழிக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். ஒன்பது வருசம், மாசத்துக்கு ஒரு தடவை, அந்தப் பின் சீட்டில் நெருப்பு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

ஊடு வந்து சேர்ந்ததும் நீங்கள் கவிதாவிடம் கேட்பீர்கள். "ரோடு எப்படி இருந்துச்சுன்னு அத்தையைக் கேளு."

"ரோட்டுக்கு என்ன கேடு. பஞ்சாயத்துல இப்பத்தான் ஒழுங்கா போட்டிருக்காங்க போல" என்று நான் வாசல் கதவிடம் சொல்வேன். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பீர்கள். அதுவும் கேலி என்று மனசில் ஏற்றி வைத்தேன். நடுவில் ஒரு தடவை பஸ்ஸில் போனபோது தூக்கித் தூக்கிப் போட்டது. அன்றைக்கு டிரைவரைத்தான் திட்டினேன்.

ஏழு மாசத்துக்கு முன்னால் அந்த நாள். கோத்தகிரியிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே ஃபாக்டரியிலிருந்து போன். ரோலர் நின்றுவிட்டதாம், அள்ளிப் போட்ட இலையெல்லாம் வீணாகிறதாம். மூடுபனியில் காரை வாசலில் நிறுத்தினீர்கள். எனக்குக் கதவைத் திறந்துவிட்டு, வழக்கம் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றீர்கள். நான் இறங்கினதும் குடையை எடுத்துக்கொண்டு குறுக்குப் பாதையில் நடையும் ஓட்டமுமாக இறங்கினீர்கள். பானெட்டைத் திறக்கவில்லை. டிக்கியைத் திறக்கவில்லை. இன்றைக்கு மட்டும் கழிக்காமல் ஓடுகிறாரே என்று நினைத்தேன். சந்தோசமாகக் கூட இருந்தது.

மூன்று மணிக்குச் செய்தி வந்தது. ரோலரை ஓட வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை என்று.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை மாப்பிள்ளை. இத்தனை வருசத்தில் ஒரே ஒரு நாள் நீங்கள் கழிக்காமல் போனீர்கள், அன்றைக்கே போய்விட்டீர்கள். கவிதாவின் வளையலை உடைத்தபோது நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். என் தலையெழுத்தை என் கையாலேயே அவளுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். நான் பஸ்ஸில் போயிருந்தால் நீங்கள் இருந்திருப்பீர்கள். காலையில் கண் விழித்தால் அதுதான் முதலில் வரும். அவள் சோறு போட்டு வைத்தால் அந்தக் கையைப் பார்க்க முடியாமல், பசியில்லை என்று எழுந்துவிடுவேன்.

கவிதா இப்போது கோயம்புத்தூருக்குப் போவதென்று முடிவு செய்துவிட்டாள். பேத்தி அங்கே காலேஜில் படிக்கிறாள், அவளோடு இருந்துகொள்ளலாம், நீயும் வா என்கிறாள். காரை விலைக்குக் கேட்டவர் கம்பெனி ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தால்தான் எடுப்பேன் என்றாராம். அதற்குத்தான் ரஹீம் வந்தான். வாசலில் ஜாக்கி வைத்தான், பானெட்டைத் திறந்தான், உள்ளே கையை விட்டான். அப்படியே நின்றுவிட்டான்.

"அக்கா, அண்ணன் போனதுக்கு அப்புறம் இதை யாராச்சும் ஓட்டினாங்களா?"

"இல்லையே. வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றதோட சரி" என்றாள் கவிதா.

அவன் இன்னொரு பக்கம் போய்த் தொட்டுப் பார்த்தான். டிக்கியைத் திறந்து பார்த்தான். "நாலுமே பாட்டிம்மா நம்பர்ல நிக்குது" என்றான்.

"என்ன நம்பர்?" என்றேன்.

"இந்தத் திருகு இருக்குல்ல பாட்டிம்மா, இப்படித் திருப்பினா ஷாக் இறுகும், அப்படித் திருப்பினா இளகும். அண்ணனுக்கு இறுக்கமா இருந்தாத்தான் ஓட்டப் பிடிக்கும். உங்களுக்கு முதுகு. நீங்க ஏறினா பன்னெண்டு சொடுக்கு இளக்குவாரு, இறங்கினதும் பன்னெண்டு இறுக்குவாரு. எண்ணிக்கை தப்பக் கூடாதுன்னு வாய்லயே எண்ணிக்கிட்டு நிப்பாரு."

வாசல்படியை விட்டு இறங்கி அந்தத் திருகுக்குப் பக்கத்தில் போனேன். கேட்டேன். "பன்னெண்டுன்னு யாரு சொன்னா?"

"உங்க குடம்தான்" என்றான்.

கழுத்து வரைக்கும் தண்ணீர் நிரப்பி, நான் உட்காரும் பக்கத்தில் வைத்து, நீங்களும் அவனும் ஒரு ஞாயிறு முழுக்க இந்த எஸ்டேட் ரோட்டில் மேலும் கீழும் ஓட்டினீர்களாம். முதல் தடவை பெல்ட் போடவில்லை, வளைவில் குடம் உருண்டு நெளிந்துவிட்டது. அப்புறம் அதற்குப் பெல்ட் போட்டு உட்கார வைத்தீர்களாம். எட்டுச் சொடுக்கில் பாதித் தண்ணீர் சீட்டில். பத்தில் வாய் வரைக்கும் அலம்பியது. பன்னிரண்டில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. பதினாலு வைத்தால் கார் தொட்டில் மாதிரி ஆடுகிறது, அத்தைக்கு வாந்தி வரும் என்று வேண்டாமென்றுவிட்டீர்களாம்.

"இதை அவர் சொல்லியிருக்கலாமே" என்றேன். ரஹீமின் முகம் பார்த்தே கேட்டேன், சுவரைப் பார்க்கவில்லை.

"நானும் சொன்னேன் பாட்டிம்மா. அவங்களுக்காகத்தான்னு தெரிஞ்சா மறுபடி பஸ்ல போயிடுவாங்கன்னாரு. அக்காகிட்டக்கூட மூச்சு விடாதேன்னாரு."

போயிருப்பேன். என்னை நீங்கள் சரியாகத்தான் தெரிந்து வைத்திருந்தீர்கள். நான்தான் உங்களை உங்கள் அம்மாவின் மாம்பழக் கலர் பட்டு வழியாகவே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுப்படிக்குப் போய்க் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கவிதா பின்னாலேயே வந்தாள். ஏழு மாசமாக உள்ளே வைத்திருந்ததை அவளிடம் கொட்டினேன். அவள் அழவில்லை. "இதையா இத்தனை நாள் வெச்சுக்கிட்டுச் சோறு திங்காம இருந்தே" என்று என் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். பாரம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லைங்க. உங்களைச் சாகடித்தவள் இல்லை என்று தெரிந்த அதே நேரத்தில், ஒன்பது வருசம் உங்களை என்னவெல்லாம் நினைத்தவள் என்பதும் தெரிந்துபோயிற்று. முன்னதற்காவது அழுதேன். இதற்கு எதைச் செய்வது?

நான் மறுபடி வாசலுக்கு வந்தபோது, மஞ்சள் ஸ்பிரிங் செட்டைக் கழற்றிக் கீழே வைத்து, துணியால் துடைத்துக்கொண்டே ரஹீம் அந்தத் திருகில் விரலை வைத்தான். எட்டி அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"திருப்பாதே."

"சும்மா பாக்கறேன் பாட்டிம்மா. ஊட்டியில ஒருத்தர் இந்த செட்டைக் கேட்டுக்கிட்டு இருக்காரு."

"இது விக்கறதுக்கு இல்லை."

கார் சாயங்காலம் போய்விட்டது. பழைய ஸ்பிரிங்கில் ரெண்டு விரல்கடை உயர்ந்து, யாரோ ஊட்டுக் கார் மாதிரி வளைவில் இறங்கி மறைந்தது. உங்கள் செட்டை அதே சாக்கில் போட்டு, என் கட்டிலுக்கு அடியில் அதே இடத்தில் தள்ளி வைத்திருக்கிறேன். கோயம்புத்தூருக்கு எதை எடுத்துக்கொள்கிறாய் என்று கவிதா கேட்டாள். குடமும் சாக்கும் என்றேன். "அந்த இரும்பை வெச்சு என்னம்மா பண்ணப் போறே?" என்றாள். நாலு திருகும் நீங்கள் கடைசியாகத் திருப்பி வைத்த இடத்தில் நிற்கின்றன. நான் இருக்கும் வரை அங்கேதான் நிற்கும்.

ஒவ்வொரு தடவையும் கேட்டீர்கள், ரோடு எப்படி இருந்தது என்று. ஒரு தடவைகூட உங்கள் முகம் பார்த்துப் பதில் சொன்னதில்லை.

குலுங்கலைங்க மாப்பிள்ளை. ஒரு நாள்கூடக் குலுங்கலை.