ஆறாவது தகடு

ராயபுரம், திருப்பூர்
17.1.2006

அன்புள்ள மச்சானுக்கு, வேல்விழி எழுதுவது.

நான் நலம். நீங்களும் உங்கள் ஆராய்ச்சிக்கூடத்து லேசரும் நலமா? போனில் பேசினால் சண்டைதான் வருகிறது, அதனால் எழுதுகிறேன். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்ததே ஒன்றரை நாள். அதிலும் பாதியைக் கோவைக் கல்லூரியில் கண்ணாடித் தகடு காட்டியே கழித்தீர்கள். கடைசியில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் தகடு டப்பாவையே விட்டுவிட்டுப் போய்விட்டீர்கள்.

திறந்து பார்த்தால் தகடெல்லாம் சிவப்புக் கறை. பனியன் கம்பெனியில் மூன்று வருஷமாக செக்கிங் பார்க்கிறவள் கண்ணுக்குக் கறை தப்புமா? கம்பெனிக்கு எடுத்துப்போய், துணியில் கறை எடுக்கிற ஸ்பாட் கன்னால் மருந்தடித்துத் துடைத்தேன். "ஏனம்மிணி, கண்ணாடிக்கெல்லாமா கறை எடுப்பாங்க?" என்று பக்கத்து டேபிள் மயிலாத்தாள் அக்கா சிரித்தது. இப்போது பளிச்சென்று இருக்கின்றன. கூரியரில் அனுப்பட்டுமா?

உங்கள்
வேல்விழி


பெங்களூர்
22.1.2006

அன்பு வேல்விழிக்கு,

உன் கடிதத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். அது கறை இல்லை தாயே. அந்தச் சிவப்புதான் என் மூன்று வருஷ உழைப்பு.

திரவப் படிகத்தை உருக்கி, அதன் மூலக்கூறுகள் வரிசையாக நிற்கும்போதே சட்டென்று குளிர வைத்தால், வரிசை கலையாமல் கண்ணாடியாக உறைந்துவிடும். அதில் கண்ணுக்கே தெரியாத தங்கத் துகள்களைக் கலந்து தகட்டில் பூசியிருந்தேன். சிவப்பு அதனால் வந்தது. ஜன்னல் கண்ணாடி எவ்வளவு வெளிச்சம் பட்டாலும் அப்படியேதான் இருக்கும். இது லேசரைக் கூட்டக் கூட்டத் தன் குணத்தை மாற்றிக்கொண்டு, வருகிற ஒளியையே வளைக்கும். எவ்வளவு வளைக்கிறது என்று அளந்து எழுதினால்தான் எனக்குப் பட்டம். கலவை தீர்ந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து என்றால் இரண்டு வருஷம். ஜூனில் படிப்பை முடித்து வீட்டோடு வந்துவிடுகிறேன் என்று உன்னிடம் சொன்னதும் போயிற்று.

ஒரு பொருளைத் தொடுமுன் ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? லேசர் படும் இடம் ஊசிமுனை அகலம்தான். விரல்நகம் அளவு சிவப்பு இருந்தாலே அளந்துவிடுவேன். எந்தத் தகட்டிலாவது மிச்சமிருக்கிறதா? உடனே எழுது.

ராஜ்கமல்


ராயபுரம்
27.1.2006

மச்சானுக்கு,

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். உங்களிடம் கேட்டால் பதில் எங்கே வருகிறது? கார்த்திகையில் காய்ச்சலில் கிடந்து போன் செய்தேன். "லேசர் ஓடுது, அப்புறம் பேசு" என்றீர்கள். அந்த அப்புறம் இன்னும் வரவில்லை. மயிலாத்தாள் அக்காதான் கஞ்சி கொண்டுவந்தது. ஜூன், ஜூன் என்று போன வருஷமும் சொன்னீர்கள். எனக்கு அலுத்துவிட்டது.

முதல் கடிதத்தில் ஒன்றை மறைத்தேன். ஐந்து தகடுகளைக் கறை என்று நம்பித்தான் துடைத்தேன், சத்தியம். ஆறாவதின் பின்பக்கம் உங்கள் கையெழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது: "பூச்சு. தொடக் கூடாது." படித்தேன். புரிந்தது. புரிந்தும் கன்னை அமுக்கினேன். இரண்டு வருஷம் ஆகும் என்று அப்போது தெரியாது. ஆனால் உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். பாதிக்கு மேல் கை ஓடவில்லை.

அதனால் அரைத் தகடு சிவப்பு இருக்கிறது. டப்பாவோடு அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். கூரியரில் அனுப்ப மாட்டேன். நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், மறுநாள் வேலை என்று வந்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவீர்கள். லீவு போட்டுவிட்டுப் புதன்கிழமை வாருங்கள், நானும் லீவு சொல்லிவிடுகிறேன்.

வந்ததும் என்னை எப்படி இருக்கிறாய் என்று கேளுங்கள். முதல் கேள்வியே தகடு எங்கே என்று இருந்தால், மீதியையும் துடைத்துவிடுவேன். கன் என் டேபிளில்தான் இருக்கிறது.

வேல்விழி