திவினாவின் தாளில் நான் எழுதியது

குய்மராஸ் தீவு
ஜூலை 14

அன்பு மகள் லுசில்லாவுக்கு,

நீயும் உன்னோடு தங்கியிருக்கும் பெண்களும் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். தைவானில் புயல் என்று செய்தியில் சொன்னார்கள், ஜன்னல் பக்கம் படுக்காதே. இங்கே நாங்கள் இருக்கிறோம், மழைக்கு அப்பாவின் முழங்கால் வீங்கியிருக்கிறது, படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுவிட்டுத் திரும்ப மாட்ட முடியாமல் இரண்டு நாளாக அதைச் சுற்றிச் சுற்றி வருகிறார், உன் அண்ணி மறுபடி உண்டாகியிருக்கிறாள், மற்றபடி குறையில்லை. தொலைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். தொலைபேசியில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் "உங்களுக்கு எதுக்கும்மா இந்த வேலையெல்லாம், வீட்ல உக்காருங்க" என்கிறாய். காகிதம் குறுக்கே பேசாது. அதனால் முழுவதையும் எழுதுகிறேன், முழுவதையும் படி.

பத்தொன்பது வருடமாக நம் வட்டார அலுவலகத்தில் பெண்கள் மேசையில் உட்கார்ந்து, புருஷனிடம் அடிபட்டு வருகிறவர்களின் வாக்குமூலம் எழுதுகிறவள் நான். சட்டப் புத்தகத்தை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, மீன் பொரித்துக்கொண்டே நானாகப் படித்தேன். அப்படிப்பட்ட என்னைப் போன மாதம் பயிற்சிக்கு வா என்று கூப்பிட்டார்கள். இரண்டு நாள், நகர மண்டபத்தில், போலீஸ்காரர்கள், மருத்துவச்சிகள், எல்லா ஊர்ப் பெண்கள் மேசைக்காரிகளும். சொல்லிக்கொடுக்க வந்தவள் இலோயிலோ ஆஸ்பத்திரியில் தலைக்காய வார்டில் வேலை செய்யும் நர்ஸ், பெயர் ஹனிலெட், உன்னைவிட நான்கு வயது சின்னவள். வாசலிலேயே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. புருஷன் தலையில் அடித்தாலும், சுவரில் மோதினாலும், கழுத்தை நெரித்து மூச்சை நிறுத்தினாலும் மூளையில் காயம் படும், வெளியே ஒரு கீறல்கூட இருக்காது என்றாள். பக்கத்து ஊர்ப் போலீஸ்காரர் ஒருவர், "அப்படிப் பாத்தா என் பொண்டாட்டிக்கும் மூளைக் காயம்தான், என் தப்பத் தவிர மத்த எல்லாத்தையும் மறந்துடுறா" என்றார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். ஹனிலெட், சிரிப்பு அடங்கியதும், "கழுத்த நெரிச்சான்னு உங்ககிட்ட வந்தவங்கள்ல ஒருத்திகிட்டயாவது, கண்ணு இருட்டிச்சாம்மான்னு கேட்டிருக்கீங்களா சார்?" என்றாள். அவர் தொப்பியைப் பார்த்தார். நானும் அதுவரை ஒருத்தியிடமும் கேட்டதில்லை.

பிறகு அவரவர் ஊரில் எப்படி விசாரிக்கிறீர்கள் என்று கேட்டாள். என் முறை உனக்குத் தெரியும், நானே ஏற்படுத்தியது, மூன்று ஊர்க்காரர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டு போனது. வருகிறவள் முதல் நாள் ஒரு தடவை, மூன்றாம் நாள் ஒரு தடவை, ஏழாம் நாள் ஒரு தடவை நடந்ததைச் சொல்ல வேண்டும். மூன்றும் ஒன்றாக இருந்தால் மேலே அனுப்புவேன், மாறினால் மூடிவிடுவேன். பொய்ப் புகார் என்று எங்கள் அலுவலகத்தை யாரும் குற்றம் சொன்னதில்லை. இதை எழுந்து நின்று பெருமையாகச் சொன்னேன். ஹனிலெட் திரும்பி, மூளையில் அடிபட்டவள் எப்படி இருப்பாள் என்று பலகையில் எழுதினாள். எந்த நாள் என்பதை மறப்பாள். முன்னதைப் பின்னதாகச் சொல்வாள். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்குவாள். நாக்கு குழறும், குடித்தவள் போல இருப்பாள். சின்ன விஷயத்துக்குக் கத்துவாள். அவள் ஒவ்வொரு வரியாக எழுத எழுத எனக்குத் திவினாதான் தெரிந்தாள், உன்னோடு பள்ளியில் படித்த அதே திவினா.

ஜனவரியில் அவள் என் மேசைக்கு வந்தாள். புருஷன் ரொடேல் அடுப்படியில் சட்டியால் அடித்தான் என்றாள். மூன்றாம் நாள், குளியலறையில் என்றாள். ஏழாம் நாள் வரவில்லை, ஒன்பதாம் நாள் வந்தாள், காலுக்கு ஒரு நிறத்தில் செருப்பு, மழை நாளில் கறுப்புக் கண்ணாடி, பேச்சு குழறல், கேள்வி கேட்டால் என்மேல் கத்தல். நான் எழுதினேன், மூன்று முறையும் பேச்சு மாறுகிறது, குடித்திருக்கலாம், நம்பத்தக்கவள் அல்ல என்று. கையெழுத்தும் போட்டேன். அந்தத் தாளின் நகலை ரொடேல் நீதிமன்றத்துக்கு எடுத்துப் போய், இரண்டு பிள்ளைகளையும் தன் அம்மா வீட்டில் வைத்துக்கொள்ள உத்தரவு வாங்கிவிட்டான். இருபத்திரண்டாம் தேதி அடுத்த விசாரணை. அன்றைக்கும் அந்தத் தாள்தான் பேசும் என்றால் பிள்ளைகள் அவளுக்கு இல்லை.

பயிற்சி முடிந்த மறுநாளே அவளைத் தேடிப் போனேன், கொப்பரைக் கொட்டகைக்குப் பின்னால் தன் சித்தப்பா மகள் வீட்டில் இருக்கிறாள். ஹனிலெட் சொன்னபடியே திரையை இழுத்துவிட்டு, வானொலியை நிறுத்திவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. கழுத்தைப் பிடித்தானா என்றேன். "பிடிப்பான் அத்தை" என்றாள். கண்ணு இருட்டிச்சா என்றேன். அவள், "எந்தத் தடவைய கேக்குறீங்க?" என்றாள். லுசில்லா, சட்டியும் நிஜம், குளியலறையும் நிஜம். அவை இரண்டு வெவ்வேறு நாட்கள். நான் ஒரே நாளைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

என் தாள் தப்பு என்று நீதிமன்றத்தில் நானே சொல்லப் போகிறேன். வட்டாரத் தலைவர் பெர்னாபே நம் வீட்டுக்கே வந்துவிட்டார், வழக்கம்போல அக்கா முறை சொல்லித்தான் ஆரம்பித்தார். "மானாங், ஒரு தாள நீங்களே கிழிச்சா, பத்தொம்பது வருஷத்துத் தாளையும் கிழிக்கணும்னு வக்கீலுங்க வரிசையில நிப்பாங்க" என்றார். நிற்கட்டும் என்றேன். "உங்க பிடிவாதத்துக்கு உங்களவிட வயசு ஜாஸ்தி" என்று காபிகூடக் குடிக்காமல் போனார். உன் அப்பா, "தப்ப ஒத்துக்கற மூஞ்சியா இது, ஜட்ஜு பயந்துடப் போறாரு" என்கிறார். நீ வேறு தொலைபேசியில், பதவி போய்விடும் என்கிறாய். போகும் என்று எனக்குத் தெரியாதா. எழுதியதைச் சரிபார்க்க முடியாதவளுக்கு அந்த நாற்காலி எதற்கு. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போக இடமில்லை. இன்றைக்கு முற்றத்தை மூன்று தடவை பெருக்கிவிட்டேன். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன்.

ஜூலை 27. விசாரணை முடிந்தது. நீதிபதி பெண், அப்பா நினைத்தது போல ஆண் இல்லை. ரொடேலின் வக்கீல் என்னைப் பார்த்து, "அன்னிக்கு உறுதியா எழுதுனீங்க, இன்னிக்கு உறுதியா மறுக்குறீங்க, எந்த உறுதிய நாங்க நம்பறது?" என்று கேட்டான். தலையில அடிச்சானான்னு அன்னிக்கு நான் கேக்கவே இல்ல, கேக்காத கேள்விக்குப் பதில் என் நோட்டுல எப்படி இருக்கும் என்றேன். அவன் மேலும் மூன்று கேள்வி கேட்டான், மூன்றுக்கும் என் தப்பையே சொன்னேன், நான்காவதுக்கு அவனே உட்கார்ந்துவிட்டான். இலோயிலோ ஆஸ்பத்திரியில் திவினாவைச் சோதித்த தாளை ஹனிலெட் வாங்கித் தந்திருந்தாள், அதையும் நீதிபதி படித்தார். அக்டோபர் வரை பிள்ளைகள் தாயிடம், ஆனால் மருந்துக்கும் பள்ளிக்கும் நேரம் பார்த்துச் சொல்ல வீட்டில் பொறுப்பான ஆள் வேண்டும், யார் என்றார். சித்தப்பா மகள் தரையைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன்.

ஆகவே உன் அறையில் இப்போது திவினாவும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். உன் பெட்டிகளை எங்கள் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன். கண் கூசும் விளக்கைக் கழற்றிவிட்டு மங்கலானது போட்டிருக்கிறேன். பெரியவன் ஏலிக்கு ஏழு வயது, பேசுவதே இல்லை, சின்னவள் மாயுமி அவனுக்கும் சேர்த்துப் பேசுகிறாள். ரொடேல் தினமும் மோட்டார் சைக்கிளில் வந்து நம் வாசலில் வேகத்தைக் குறைக்கிறான். அப்பா எஞ்சினை வாசலுக்கே இழுத்துப் போட்டு ஸ்பானரோடு உட்கார்ந்திருக்கிறார், இனிமேல் அது ஓடினாலும் ஓடாவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. என்னை ஓய்வெடுக்கச் சொல்லித் தலைவர் தாள் அனுப்பிவிட்டார், என் நாற்காலியில் புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். நான் தினமும் போய் அவளுக்கு எதிரே உட்கார்ந்து பழைய நோட்டுகளைப் புரட்டுகிறேன். பேச்சு மாறுகிறது என்று நான் புகாரை மூடியவர்கள், இதுவரை எண்ணியதில், முப்பத்தொரு பேர். ஆகஸ்டில் மறுபடி பயிற்சி நடக்கிறது, என்னை முன்வரிசையில் உட்கார வை என்று ஹனிலெட்டிடம் சொன்னேன். "நீங்க வந்தா சண்ட போடுவீங்களே மானாங்" என்றாள். போடுவேன், நீ சொல்லிக்கொடுத்ததில் இன்னும் இரண்டு தப்பு இருக்கிறது என்றேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. காலையில் காபிக்கு உட்கார்ந்ததும் திவினா கேட்கிறாள், "பசங்கள என்கிட்டேருந்து எடுத்தாங்களே அத்தை, அந்தத் தாள யாரு எழுதுனது?" நான்தான் என்று முதல் நாள் சொன்னேன். கோப்பையை வைத்துவிட்டு என்னையே பார்த்தாள், பிறகு எழுந்து அறைக்குள் போய்விட்டாள். மறுநாள் காலை அதே இடத்தில் உட்கார்ந்து மறுபடி கேட்டாள். நேற்றே சொன்னேனே என்று சொல்லக் கூடாது, முதல் தடவை கேட்பதுபோலவே பதில் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியில் சொன்னது, அன்றைக்கு அது எனக்குச் சுலபமாகத்தான் தெரிந்தது. இன்றோடு நான்கு காலை. நான்கு தடவையும் அவள் முகம் புதிதாகத்தான் மாறுகிறது.

கடவுள் உன் கையையும் கண்ணையும் காக்கட்டும், இரவு வேலை முடிந்து தனியாக நடக்காதே, வெறும் நூடுல்ஸ் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே. நீ அழைக்கும்போது திவினா எடுத்தால் ஒரு நேரத்தில் ஒரு சேதி மட்டும் சொல், அவள் அதைத் திரும்பச் சொல்லும்வரை காத்திரு. அந்தத் தாளை யார் எழுதியது என்று உன்னிடமும் கேட்பாள். பேச்சை மாற்றாதே, எனக்காகப் பரிந்தும் பேசாதே. என் அம்மாதான் எழுதினாள் என்று சொல்.

உன் அம்மா,
கொன்சொர்சியா