கம்ப்ளைண்ட் நோட்டில் ஏறிய ஹீட்டர்

17-வது பிளாக், நெய்வேலி
பிப்ரவரி 26

அன்பு மகள் எழில்மதிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், ஜாம்நகரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கினால் எங்களுக்கு இன்னும் சுகம். போனில் சொன்னால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தாயே, அந்த ஹீட்டர் பிழைத்துவிட்டது. கார்த்திகையிலேயே அது அடியில் சொட்டத் தொடங்கியது உனக்குத் தெரியும், உங்கள் அப்பா செய்த கூத்துதான் தெரியாது. வாங்கின இடத்தில் சொல்லுங்கள் என்றேன், சரி என்று கிளம்பினார். முப்பது வருஷமாக இந்தக் கம்பெனி குவார்ட்டர்ஸில் குழாய் ஒழுகினாலும் தாழ்ப்பாள் கழன்றாலும் மெயின்டனன்ஸ் ஆபீஸ் நோட்டில் எழுதியே பழகின கை இல்லையா, நேராக அங்கே போய் ‘பாத்ரூம் ஹீட்டர் ஒழுகுகிறது’ என்று முத்து முத்தாக எழுதிவிட்டு, கம்ப்ளைண்ட் கொடுத்தாச்சு என்று நிம்மதியாக ஷிப்டுக்குப் போய்விட்டார். நானும் கடையில்தான் சொல்லியிருக்கிறார் என்று நம்பிக் காத்திருந்தேன். மழைக்காலம், பிளாக் முழுக்க ஒழுகல், நம் வரிசை வரப் பொங்கல் ஆகிவிட்டது. ஏணியோடு வந்தவர் அண்ணாந்து பார்த்து, ‘இது உங்க சொந்த சாமானுங்க, கம்பெனி சாமானத்தான் நாங்க தொடுவோம்’ என்று சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பில்லை எடுத்துப் பார்த்தால் இரண்டு வருஷ வாரண்டி முடிந்து நாலு நாள். அன்று உங்கள் அப்பாவுக்கு வெறும் ரசம்தான்.

ஹீட்டர் வாங்கின பண்ருட்டிக் கடைக்காரர், ‘வாரண்டி முடிஞ்சிப் போச்சிங்கம்மா, பேசாம புதுசு ஒண்ணு எடுத்துக்கினு போங்க’ என்றார். அப்பாவும் புது மாடல்களைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நீயும் போனில், தூக்கிப் போடும்மா, வேற அனுப்புறேன் என்றாய். எனக்குக் கடைக்காரர் மேல் வந்த கோபத்தைவிட உன் மேல்தான் அதிகம் வந்தது. மாடி வீட்டு நந்தினி கடலூரில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்க்கிறாள், அவள்தான் வழி சொன்னாள். வாரண்டி இருக்கும்போதே பழுது வந்ததற்கு அத்தாட்சி இருந்தால் ஹீட்டர் கம்பெனி சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது, மசியாவிட்டால் நுகர்வோர் கோர்ட்டில் வக்கீல் இல்லாமல் நாமே மனு போடலாம் என்றாள். அத்தாட்சிக்கு எங்கே போவது என்று விழித்தேன், அப்புறம்தான் உறைத்தது, டிசம்பர் மூன்று என்று தேதி போட்டு உங்கள் அப்பா எழுதி வைத்திருக்கிறாரே! அந்தப் பக்கத்துக்கு நகல் எடுத்து, ஆபீஸ் சீலும் வாங்கி, பில்லோடு கடைக்கும் கம்பெனிக்கும் ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினேன். பத்தாம் நாள் கம்பெனியிலிருந்து போன், பழையதைக் கொடுத்துவிடுங்கள், புதுசே தருகிறோம் என்று. அப்பா துள்ளிக் குதித்தார். எனக்குப் புதுசு வேண்டாம், இதையே சரிசெய்து கொடுங்கள் என்றேன். வந்த மெக்கானிக் சிரித்தார், ‘எல்லாரும் புதுசு குடுன்னு சண்ட போடுவாங்க, நீங்க பழசுக்கு சண்ட போட்டுக்கினு இருக்கீங்களேம்மா’ என்று. உள் டேங்கை மாற்றிக் கொடுத்தார், பைசா வாங்கவில்லை. இப்போது அப்பா என்னவோ தானே திட்டம் போட்டு எழுதி வைத்த மாதிரி பிளாக் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறார், திரியட்டும்.

நீயும் எது வாங்கினாலும் பில்லைப் பத்திரப்படுத்து, பழுது வந்தால் அன்றே எழுத்தில் கொடு. நோய் நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும். அடுத்த வருஷம் அப்பா ரிட்டயர் ஆனதும் இந்தக் குவார்ட்டர்ஸ் சாவியைக் கொடுத்துவிடுவோம், ஃபேன், குழாய், கதவு எல்லாம் இங்கேயே நிற்கும். முப்பது வருஷம் குடியிருந்த சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு போக எங்களுக்கென்று இருப்பது நீ வாங்கிக் கொடுத்த அது ஒன்றுதான், அதைத் தூக்கிப் போடச் சொல்லாதே கண்ணு.

ஆசீர்வாதத்துடன்
உன் அம்மா
ருக்குமணி