செவிலியர் சோபியா கேட்ட கேள்வி மீது நான் கொடுத்த புகார்

அனுப்புநர்:
வீ. செம்மல், த/பெ வீரய்யா,
புளியடிவயல், ஆவுடையார்கோவில் வட்டம்,
புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
புதுக்கோட்டை.

பொருள்: புளியடிவயல் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர் திருமதி சோபியா மீதான என் புகாரைத் திரும்பப் பெறுதல், அவரது இடமாற்றத்தை நிறுத்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் என் தகப்பனாருக்குச் சளியும் தும்மலும் கண்டு மேற்படி நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். மருத்துவர் அன்று முகாமுக்குப் போயிருந்தார். செவிலியர் சளி மாத்திரையை எடுக்கும் முன், பிரஷர் உண்டா, கண்ணில் அழுத்த நோய் உண்டா, தூக்கம் வருமே, வண்டி ஓட்டுகிறாரா என்று வரிசையாகக் கேட்டார். பிறகு என்னைச் சற்று வெளியே நிற்கச் சொன்னார். நான் நகரவில்லை. வேறு வழியின்றி என் முன்னாலேயே, “ஐயா, ஒண்ணுக்குத் தடையில்லாமப் போகுதுங்களா?” என்று கேட்டார்.

2. மூக்கு ஒழுகுகிறதென்று வந்த பெரியவரிடம் ஒரு பெண் கேட்கிற கேள்வியா இது என்று எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, “அதெல்லாம் நல்லாத்தாம்மா போகுது” என்றார். செவிலியருக்குத் திருப்தியில்லை. ஆவி பிடியுங்கள், மாத்திரையை நாளை மருத்துவர் பார்த்து எழுதட்டும் என்றார். சளி மாத்திரைக்கு இவ்வளவு விசாரணையா என்று சத்தம் போட்டுவிட்டு அப்பாவை இழுத்து வந்தேன்.

3. முதியவரிடம் ஆபாசமாகப் பேசினார், மருந்து தர மறுத்தார் என்று அன்றே தங்களுக்குப் புகார் எழுதினேன். தெருவில் நாலு பேரிடம் கையெழுத்தும் வாங்கினேன். அப்பாவிடம் மட்டும் காட்டவில்லை.

4. பெட்டிக்கடையில் சளி மாத்திரை வாங்கி என் கையாலேயே கொடுத்தேன். மூக்கு நின்றது. மறுநாள் சிறுநீரும் நின்றது. அடிவயிறு கல்லாகி அவர் துடித்தபோதும் வாயு என்று நினைத்துப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். கடைசியில் அதே நிலையத்துக்குத்தான் தூக்கிப் போனோம். அப்பாவுக்குச் சிறுநீர்ப் பாதையை நெருக்கும் புராஸ்டேட் வீக்கம் இருக்கிறது, இந்தச் சளி மாத்திரை அதை முழுதாக அடைத்துவிட்டது என்று சொல்லி மருத்துவர் சிறுநீர் இறங்கக் குழாய் வைத்தார். அதுவரை அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் செவிலியர் சோபியா. என் புகார் அப்போது தபாலில் போய்க்கொண்டிருந்தது.

5. ஏன் மறைத்தீர்கள் என்று அப்பாவைக் கேட்டேன். “மாசக்கணக்காச் செரமந்தான்டா. ஒன்னைய வச்சுக்கிட்டு எப்பிடிச் சொல்றது?” என்றார். அன்று நான் வெளியே நின்றிருந்தால் சொல்லியிருப்பார். இந்த நினைப்பு என்னைச் சோறு தின்ன விடவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். எனக்கு வெட்கமும் சேர்ந்துகொண்டதால் புகாரைத் திரும்பப் பெறவும் தாமதித்தேன். இப்போது என் புகாரால் செவிலியர் வரும் திங்கட்கிழமை வேறு ஊருக்கு மாறிப் போக வேண்டுமாம்.

6. எனவே அந்த உத்தரவை ரத்து செய்யுமாறு பணிந்து வேண்டுகிறேன். நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டுமென்றால், பொய்யாக எழுதிய என்மீது எடுங்கள். நோயாளியைத் தனியே விசாரிக்க அங்கே ஒரு திரையாவது கட்டித் தாருங்கள்.

இம்முறை மனுவை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். அடியில் தாமும் எழுத வேண்டும், அதுவரை நான் வெளியே நிற்க வேண்டும் என்கிறார். நிற்கப் போகிறேன்.

இடம்: புளியடிவயல்
நாள்: 14.11.2024

இப்படிக்கு,
தவறு செய்தவன்,
(ஒப்பம்) வீ. செம்மல்

ஐயா, என் மகன் கோபக்காரன், கெட்டவன் இல்லை. அந்தப் பிள்ளை கேட்டது சரியான கேள்வி. பொய் சொன்னது நான்.
(ஒப்பம்) வீரய்யா