முழங்கால் மடங்குகிற பேண்ட்

1.8.2007, புதன்

காற்று. ஆடிக்காற்று என்று பேர், வருவதெல்லாம் புழுதி. திருத்தங்கல் ரோட்டில் சைக்கிள் முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்றே தெரியவில்லை.

இது கழிவு டைரி. ஜூலைக்கு அப்புறம் கிழமை எல்லாம் ஒன்று தள்ளி அச்சாகியிருக்கிறது. தினமும் அடித்துத் திருத்திவிட்டு எழுதவேண்டும். புரூஃப் பார்க்கப் போகிறவனுக்கு நல்ல பழக்கம்தான்.

ஆம், வேலை கிடைத்துவிட்டது. சிவகாசியில் காலண்டர் பிரஸ். வெள்ளியிலிருந்து. முதலாளி அண்ணாச்சி சொன்னது:

“புரூஃப் பாக்க ஒங்கள மாதிரி நிதானமான ஆளுதான் வேணும் பாய். ஆனா கைலியோட வராதீக. சீசனு. வெளியூர்ப் பார்ட்டிக வந்து போவாக. பேண்ட்டு போட்டு டீசண்டா இருங்க. ஒரு வாரம் பாப்போம்.”

பதினோரு மாசமாகக் கைலிதான். வலது கால் தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை வெந்த கால். இடது தொடைத் தோலை உரித்து முட்டியில் ஒட்டுப் போட்டிருக்கிறது. துணி பட்டால் எரியும். மதுரை டாக்டர் தினமும் சைக்கிள் மிதிக்கச் சொல்லிவிட்டார், இல்லாவிட்டால் முட்டி மடங்காமல் நின்றுவிடுமாம். ஆக, மிதிக்கவும் வேண்டும், இறங்கினதும் ஆபீசர் மாதிரி உட்காரவும் வேண்டும்.

கடைக்குக் கொண்டுபோக ஒரு சீட்டு எழுதினேன்:

– முட்டி முழுசாக மடங்க வேண்டும். தொடையில் பிடிக்கக் கூடாது.
– உள்பக்கத் தையல் தடிப்பு கூடாது.
– செயின் மையும் வியர்வையும் தெரியாத நிறம்.
– சட்டையை உள்ளே விட்டால் ஆபீஸ், வெளியே விட்டால் கடைவீதி. இரண்டுக்கும் ஆகவேண்டும்.
– பருத்தி. முழுப் பருத்தி. கலப்பு ஆகாது.

ரஹ்மத் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “பேண்ட்டு எடுக்கப் போறீகளா, பொண்ணு பாக்கப் போறீகளா? என்னையக் கட்டுறப்பகூட இம்புட்டு கேக்கலையே.” பதினாறு வருஷக் குடித்தனத்தில் அவள் இப்படிச் சிரித்து இந்த வருஷம் இதுதான் முதல் தடவை.

2.8, வியாழன்

மூன்று கடை. நாலு பேண்ட்.

கறுப்பு ஜீன்ஸ்: சாக்குப்படுதா. தையல் சரியாக ஒட்டுத்தோல் மேலேயே ஏறுகிறது. வேண்டாம்.

டிராக் பேண்ட்: சொர்க்கம். அண்ணாச்சி வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்.

காக்கிப் பருத்தி: இடுப்பு சரி, தொடை இறுக்கம். கண்ணாடியில் பார்த்தால் ஏ.டி.எம். காவலாளி.

சாம்பல் நிறம், முன்னால் இரண்டு மடிப்பு: ரொம்ப லட்சணம். கடைக்காரர் கையில் கசக்கிக் காட்டினார். “பாருங்க பாய், சுருங்காது, சாயம் போகாது. பாலியஸ்டர் கலப்பு. சைக்கிள் மிதிச்சு இறங்கினாலும் இஸ்திரி போட்டாப்ல இருக்கும்.” மாட்டிப் பார்க்காமலேயே வந்துவிட்டேன். கடைசியில் காக்கிதான்.

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

எம். புதுப்பட்டிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி. நான் சூப்பர்வைசர். உள்ளே பருத்தி தவிர வேறு துணி ஆகாது. பாலியஸ்டர் உரசினால் கரண்டு பிடிக்கும், மருந்து தீப்பிடிக்க அதுவே போதும். வாரம் ஒருதரம் இதை எல்லோருக்கும் ஓதுவது என் வேலை. வீட்டிலிருந்து எதைப் போட்டு வந்தாலும் ஆபீஸ் ரூமில் கழற்றிவிட்டு, ஆணியில் தொங்கும் பருத்திப் பேண்ட்டை மாட்டித்தான் உள்ளே போவேன்.

போன ஆவணி. மச்சானுக்கு விருதுநகரில் நிச்சயம், நாலு மணிக்கு. புதுப் பாலியஸ்டர் பேண்ட். ஏழு கிலோமீட்டர் சைக்கிள். மருந்து கலக்கிற முத்துராசிடம் லோடு வண்டி வந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அவ்வளவுதான். ஒரு நிமிஷ வேலைக்கு யார் பேண்ட் மாற்றுவார்? வாசலில் செம்புத் தகடு இருக்கிறது, உடம்புக் கரண்டு இறங்கக் கையை வைத்துவிட்டுத்தான் நுழைய வேண்டும். வைத்தேனா? ஞாபகம் இல்லை. ஒரு கால் உள்ளே வைத்தேன்.

முத்துராசு போனான். பக்கத்து ரூமில் இரண்டு பெண்கள் போனார்கள். ஆஸ்பத்திரியில் என் காலில் உருகி ஒட்டின துணியைத் தோலோடு உரித்து வாளியில் போட்டார்கள். முத்துராசு பாக்கெட்டில் செல்போன் வைத்திருந்தான், அதனால்தான் வெடித்தது என்று மேனேஜர் விசாரணையில் சொல்லிவிட்டார். என்னைக் கேட்டார்கள். “கவனிக்கலை சார்” என்றேன்.

பொய். முத்துராசு காலையிலேயே செல்போனை என் மேஜை டிராயரில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனான். பூட்டியவன் நான். இன்னொரு சாவி மேனேஜரிடம். அந்த போனை அப்புறம் யாரும் பார்க்கவில்லை.

வெடித்தது என் பேண்ட்டாலா? தெரியாது. அந்தத் ‘தெரியாது’வைப் பிடித்துக்கொண்டே பதினோரு மாசம் ஓட்டிவிட்டேன்.

3.8, வெள்ளி

ஆடிப் பதினெட்டு. பிரஸ்ஸில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரி ஆல்பம் திறப்பு. பூசணிக்காய், சூடம், கேசரி. எனக்கு மேஜை ஜன்னல் ஓரம்.

கணுக்காலில் ரப்பர் பேண்ட் போட்டு காக்கியில் மிதித்து வந்தேன். பாதி வழியிலேயே எரிச்சல். கழிப்பறையில் அவிழ்த்துப் பார்த்தால் ஒட்டுத்தோல் ஓரத்தில் ஒரு ரூபாய் அளவுக்குக் கிழிசல். கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டேன். ஜும்மாவுக்கு நின்று தொழ முடியவில்லை, நாற்காலி கேட்டு உட்கார்ந்தேன்.

ஆல்பத்தைப் புரட்டினேன். பழைய கம்பெனியின் காலண்டர் ஆர்டரும் இங்கேதான். அண்ணாச்சிக்கு அவர்கள் பெரிய பார்ட்டி. இது முந்தியே தெரிந்திருந்தால் வந்திருக்க மாட்டேன்.

அதைவிடப் பெரியது மத்தியானம். காலண்டர் தலையில் தகரப்பட்டி அடிக்கிற பகுதியில் இருபது பெண்கள். அதில் ஒருத்தி எழுந்து வந்தாள்.

“அண்ணே, நல்லா இருக்கீகளா? கால் தேவலையா?”

முத்துராசு பெண்டாட்டி செல்வி. ஆஸ்பத்திரிக்கு வந்து ஒருதரம் பார்த்தவள். இங்கே சேர்ந்து ஆறு மாசமாம். நான் நொண்டி நடப்பதைப் பார்த்துவிட்டுத் தன் டிபன் தூக்கிலிருந்து கேசரியை என் தட்டில் வைத்தாள். தின்றேன். வேறென்ன செய்ய?

4.8, சனி

இரவெல்லாம் கால் விண்விண்ணென்று. தேங்காய் எண்ணெய். ரஹ்மத் காக்கியைத் தையல்காரரிடம் கொண்டுபோனாள். தொடையில் பிரித்துவிடத் துணி இல்லையாம். புதுசு தைக்கப் பத்து நாள்.

கைலியில் போனேன். அண்ணாச்சி பார்த்தார். “திங்கக்கிழமை பெங்களூர்ப் பார்ட்டி வராக பாய். அன்னைக்கும் இப்படின்னா சரிப்படாது.” நியாயம்தான்.

வேலை பிடித்திருக்கிறது. ராகு காலம், எமகண்டம், ஏகாதசி. நமக்குச் சம்பந்தமில்லாததால் தப்பு சட்டென்று கண்ணில் படுகிறது.

டீ நேரத்தில் செல்வி பக்கத்தில் வந்து நின்றாள். நேராகக் கேட்டாள்.

“அண்ணே, நீங்க அங்கனதான இருந்தீக. அவரு நெசமாவே செல்லு வச்சிருந்தாரா? அந்த ரெண்டு பொம்பளைக வீட்டு ஆளுக எங்க தெருவுல வந்து மண்ணள்ளித் தூத்திட்டுப் போறாக. எங்க அத்தை, பெத்த தாயி, ‘மூணு உசுர வாங்கின பாவி எம் புள்ளை’ன்னு போட்டோவைத் திருப்பி வச்சிருக்கு. வெவரமான ஆளு இப்படிச் செய்வாராண்ணே?”

“கவனிக்கலைம்மா” என்றேன். அதே வார்த்தை. விசாரணையில் சொன்ன அதே குரல்.

அவள் தலையாட்டிவிட்டு, “பேண்ட்டுதான் ஒங்களுக்குப் பாடா இருக்கா?” என்றாள். கோபப்பட்டிருந்தால் தேவலை.

5.8, ஞாயிறு

காற்று அடங்கவில்லை. மீன் வாங்கினோம், முள்.

பதினொரு மணிக்கு வாசலில் செல்வி. கையில் மஞ்சப்பை. ரஹ்மத்துக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை, காப்பி போட்டாள்.

“அவரு பேண்ட்டுண்ணே. பங்குனிப் பொங்கலுக்குத் தச்சது. ரெண்டு தடவைதான் போட்டாரு. அவரு பருத்தி தவிர எதையும் தொட மாட்டாரு, வீட்டுலயும். அத்தை எரிச்சிரணுங்குது. ஒங்க புண்ணுக்காச்சும் ஆகட்டுமே.”

ரஹ்மத் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். காரணம் கேட்டால் என்ன சொல்வது? வாங்கிக்கொண்டேன்.

அவள் போனதும் மாட்டிப் பார்த்தேன். கருநீலம். பல தடவை துவைத்த மாதிரி மெத்து. தொடையில் தாராளம், கீழே வரவரக் குறுகல், செயினில் மாட்டாது. உள்தையல் தட்டையாக, விரலுக்கே தெரியவில்லை. முட்டி முழுசாக மடங்கியது. சீட்டில் எழுதின ஐந்தும் இருந்தது.

“அளவெடுத்துத் தச்சாப்ல இருக்கு” என்றாள் ரஹ்மத். கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன்.

6.8, திங்கள்

அவன் பேண்ட்டில் ஏழே முக்காலுக்குக் கிளம்பினேன். எதிர்காற்றிலும் இருபத்தைந்து நிமிஷம். வலி இல்லை. பதினோரு மாசத்தில் முதல் தடவையாகக் காலை மறந்து மிதித்தேன். பாலம் தாண்டித்தான் ஞாபகம் வந்தது, அப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அண்ணாச்சி: “இப்பத்தான் பாய் ஆளு மாதிரி இருக்கீக!” பெங்களூர்ப் பார்ட்டியிடம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கார்த்திகையில் அமாவாசை ஒரு நாள் தள்ளி விழுந்திருந்ததைக் கண்டுபிடித்தேன். வேலை நிரந்தரம் என்றார்.

செல்வி தூரத்திலிருந்து பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, பேண்ட்டைத்தான். அப்புறம் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டுத் தகரத்தை எடுத்தாள்.

கால் ஆறிக்கொண்டு வருகிறது. இதையும் எழுதத்தானே வேண்டும்.

7.8, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

டீ நேரம். பேப்பர் குடோன் பின்னால். வரிசையாக, விசாரணைக்குச் சொல்லியிருக்க வேண்டிய வரிசையில். நிச்சயம், பாலியஸ்டர், பேண்ட் மாற்றாதது, செம்புத் தகடு, டிராயரில் அவன் செல்போன். என் பேண்ட்டால்தான் என்று நிச்சயமாகத் தெரியாது என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே அது கேவலமாக இருந்தது.

செல்வி குடோன் சுவரையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“அந்தப் பேண்ட்டக் கழட்டிக் குடுங்க.”

வாட்ச்மேனிடம் கைலி இரவல் வாங்கி, கழிப்பறையில் மாற்றி, கொண்டுவந்து கொடுத்தேன். மடிப்புக் கலையாமல் மடித்து இடுக்கிக்கொண்டாள்.

“பெத்த தாயே அவரத் திட்டுதுன்னு சனிக்கிழமை சொன்னேன். கேட்டுக்கிட்டுத்தான நின்னீக?”

“ஆமா.”

“எழுதிக் குடுங்க. செல்லு ஒங்க டிராயர்ல இருந்துச்சுன்னு. நீங்க என்ன உடுத்தியிருந்தீகன்னு. ஒங்க பேரு, ஊரு, கையெழுத்து எல்லாம் போட்டு. ஒங்களுக்கு எழுத வருமில்ல?”

வீட்டில் ரஹ்மத்திடம் சொன்னேன். “கம்பெனில மாத்திக்கிட்டீகன்னுல நெனச்சுக்கிட்டிருந்தேன்” என்றாள். பிறகு, “அந்தத் துணிய நாந்தான எடுத்தேன், சுருங்காதுன்னு” என்றாள். சோறு அடிப்பிடித்துவிட்டது. யாரும் சாப்பிடவில்லை.

எழுதி முடித்தாகிவிட்டது. ஒரு பக்கம். வேலை போகும். போலீஸ் வரலாம். மேனேஜர் ஆள் அனுப்பலாம். இரண்டு தடவை கிழித்து மூன்றாம் தடவை எழுதியது. பிழை இல்லை.

8.8, புதன்

தூறல், பத்து நிமிஷம். கைலியில் போனேன். அண்ணாச்சி என்னைப் பார்த்து, கைலியைப் பார்த்து, ஏதோ சொல்ல வந்தார். நிற்காமல் தகரப் பகுதிக்குப் போய்விட்டேன்.

செல்வியிடம் தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

“நான் அஞ்சாப்புதாண்ணே. நீங்களே வாசிங்க. சத்தமா.”

இருபது பெண்கள். அதில் நாலு பேர் அவள் தெரு. செத்துப்போன இரண்டு பெண்களில் ஒருத்தியின் தங்கை மூன்றாவது வரிசையில் இருந்தாளாம், எனக்கு அப்போது தெரியாது. தகரம் அடிக்கிற சத்தம் ஒன்றொன்றாக நின்றது. அண்ணாச்சியும் பின்னால் வந்து நின்றுவிட்டார்.

வாசித்தேன். பேர், ஊர், பார்த்த வேலை. செல்போன் என் டிராயரில் இருந்தது என்ற இடத்திலிருந்து மிச்சத்தை முணுமுணுத்தேன் போல.

செல்வி எழுந்து நின்றாள்.

“பின்னால இருக்கவகளுக்குக் கேக்கல. மொதல்ல இருந்து வாசிங்கண்ணே.”

முதலிலிருந்து வாசித்தேன்.