முத்து தெரியாத பதினான்கு நாட்கள்

இன்று காலை ஆய்க்குடியில் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோகும் வழியில் ஒரு வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தது. உள்ளிருந்து மஞ்சளும் வேம்பும் கலந்த வாடை. யாருக்கோ அம்மை. அந்த வீட்டுப் பிள்ளையை நினைத்து நான் இரங்கியிருக்க வேண்டும். உன்னைத்தான் நினைத்தேன். கூடவே, வழக்கம்போல, பொறாமையும் வந்தது.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. சென்னையில் பஸ் மோதியது என்று தந்தி. தென்காசியில் உங்கள் வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தபோது, உன்னோடு ஆராய்ச்சி செய்தவர்கள் ஒரு வேன் நிறைய வந்திருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு பெண் உன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதாள். நான் சுவரோரம் உட்கார்ந்து, எனக்கென்றால் இத்தனை பேர் வருவார்களா என்று எண்ணிக்கொண்டிருந்தேன். செத்தவளைப் பார்த்தும் அப்படித்தான் எண்ணத் தோன்றியது.

எம்.எஸ்.ஸி. கடைசி வருடம் நாம் இருவரும் சேர்ந்து எடுத்த திட்டக் கட்டுரை ஞாபகம் இருக்கிறதா? உடம்புக்குள் புகுந்த கிருமி எத்தனை, அதை எதிர்க்கும் வெள்ளணுக்கள் எத்தனை. கிருமி கூடினால் அணுக்கள் கூடும், அணுக்கள் கூடினால் கிருமி குறையும். இந்த இழுபறியை இரண்டு சமன்பாடுகளில் எழுதலாம் என்று சொன்னவள் நீ. வக்கீல் வீட்டுப் பெண். உன் அப்பா மதுரையிலிருந்து புத்தகம் வரவழைத்துத் தந்தார். பீடி சுற்றுகிற என் அம்மாவுக்கு நான் என்ன படிக்கிறேன் என்று சொல்லவே எனக்குத் தெரியாது. மடக்கை அட்டவணையை வைத்துக்கொண்டு, நாள் நாளாகக் கணக்கிட்டுத் தாள் தாளாக நிரப்பியது நான். யோசனை உன்னுடையது, கை என்னுடையது. எல்லோரும் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள்.

அந்தப் பங்குனியில் எங்கள் தெருவில் அம்மை பரவியது. அம்மை வீட்டுக் கணக்கை வைத்தே நம் சமன்பாட்டைச் சோதிக்கலாம் என்றாய். உனக்கு அதுவரை அம்மை வந்ததில்லை என்பதால் உன் வீட்டில் விடவில்லை. எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போயிருந்தது. வீடு வீடாகப் போய், முத்து போட்ட நாள், காய்ச்சல் விட்ட நாள், தலைக்குத் தண்ணீர் ஊற்றிய நாள் என்று எழுதி வந்தேன். முத்து தெரிந்த நாளையே ஒன்றாம் நாள் என்று நீ எடுத்துக்கொண்டாய். நம் வீடுகளில் அப்படித்தானே எண்ணுவார்கள்.

ஆனி மாதம் ஒரு சாயங்காலம் அம்மா பீடி இலை வெட்டிக்கொண்டே என் தாளை எட்டிப் பார்த்தாள். எழுதப் படிக்கத் தெரியாது அவளுக்கு. "அது என்னட்டி, ஒண்ணு ஒண்ணுன்னு எல்லாத்துக்கும் போட்டிருக்க?" என்றாள். சொன்னேன். "முத்து தெரிஞ்ச அன்னைக்கா ஆத்தா வந்தா? அவ வந்து உள்ள உக்காந்து ரெண்டு வாரம் ஆயிருக்கும். பெரியவளுக்குப் போட்டா சின்னவளுக்குப் பதினாலாம் நாள்தான போடுது!"

நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு அதே பதினாலு. நம் ஒன்றாம் நாள் தப்பு. வெள்ளணுக்கள் பெருகுவதற்கு எடுத்துக்கொண்ட நாட்களையே நாம் கணக்கில் சேர்க்கவில்லை.

உன்னிடம் ஓடி வந்திருக்க வேண்டும். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் துறைத் தலைவர் ஒரு சேதி சொல்லியிருந்தார். சீசனுக்குக் குளிக்க வரும் சென்னைப் பேராசிரியர் ஒருவர் குற்றாலத்தில் நாம் பேசுவதைக் கேட்பார், இருவரில் ஒருவரை ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வார் என்று. ஆளுக்குப் பத்து நிமிஷம். பெயர் வரிசையில் முதலில் நீ, அடுத்து நான். பன்னிரண்டு நாள் இருந்தது. புதுத் தாளில் ஒன்றாம் நாளைப் பதினாலு நாள் முன்னால் நகர்த்தி, எல்லாவற்றையும் தனியாகக் கணக்கிட்டேன். நீ தப்பாகச் சொல்லி முடித்ததும் நான் எழுந்து சரியாகச் சொல்லலாம் என்று இருந்தேன். வாழ்க்கையில் ஒரு தடவையாவது.

அந்த நாளும் வந்தது. அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்த பேராசிரியரின் காதோரம் எண்ணெய் இன்னும் போகவில்லை. உன் வரைபடத்தைப் பார்த்துச் சிரித்தார். "மூணாம் நாளே இவ்வளவு செல் எங்கேர்ந்தும்மா வந்தது? முன்கூட்டியே ரிசர்வ் பண்ணி வெச்சிருந்தீங்களா?"

நீ பலகைக்குத் திரும்பி, கோட்டின் மேல் விரலை வைத்து ஒன்றாம் நாள் வரை பின்னோக்கி நகர்த்தினாய். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அப்புறம் சொன்னாய்: "சார், இது ஒண்ணாம் நாளே இல்ல. முத்து வெளிய தெரிஞ்ச நாள். கிருமி அதுக்கு முந்தியே வந்தாச்சு." கோட்டை இடப்பக்கமாக நீட்டினாய். பலகை போதவில்லை. பலகையைத் தாண்டிச் சுண்ணாம்புச் சுவரிலேயே சாக்பீஸை ஜன்னல் வரைக்கும் இழுத்தாய். வெள்ளைச் சுவரில் கோடு தெரியவே இல்லை. ஆனாலும் பேராசிரியர் எழுந்து பக்கத்தில் போய் நின்றார்.

என் முறை வந்தது. நாலாய் மடித்த தாள் கைக்குள் ஈரமாகியிருந்தது. "அவளே எல்லாம் சொல்லிட்டா சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். அவர் உன்னைத் தேர்ந்தெடுத்தார். நான் மறைத்துவைத்த தப்பே உனக்கு இடம் வாங்கித் தந்தது.

வெளியே சாரல். நீ மங்குஸ்தான் வாங்கி, கதவிடுக்கில் நசுக்கி உடைத்து, பாதியை என் கையில் வைத்தாய். "நம்ம ரெண்டு பேருக்குமே தோணலியே, பாத்தியாட்டி? நல்லவேளை அந்தாளு கேட்டாரு!"

"ஆமாட்டி" என்றேன்.

சென்னையிலிருந்து நீ எழுதிய கடிதங்களுக்குப் பதில் எழுதும்போதெல்லாம் இதைச் சொல்ல நினைத்தேன். என் வகுப்புப் பிள்ளைகளைப் பற்றி எழுதி ஒட்டிவிடுவேன். வெட்கம்தான் காரணம் என்று வெகுநாள் நம்பினேன். அது முழுக்க நிஜமில்லை. சொன்னால் நீ சிரித்திருப்பாய், "போட்டீ, கிறுக்கி" என்று மன்னித்திருப்பாய். அதிலும் நீயே பெரியவளாகியிருப்பாய்.

அந்தப் பதினாலு நாள் ஒன்றுதான் நானாகக் கண்டது, அதுவும் பாதி அம்மா தந்தது. பெருமையாக யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால், ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று கேட்பார்கள். அதனால் மன்னிக்க முடியாத இடத்தில் இருக்கும் உன்னிடம் சொல்கிறேன். ரெண்டு பேருக்கும் தோணலன்னு சொன்னியே, அது தப்புட்டி. எனக்குத் தோணுச்சு. உனக்குப் பன்னெண்டு நாள் முந்தியே.